தலையாட்டும் பூனை

செந்தூலில் எல்.ஆர்.டி. ரயிலுக்காக நின்றபோது கைப்பேசி அதிர்ந்தது. பட்டர்வொர்த் அத்தை. "அடுத்த வாரம் வீடு மாறுகிறோம்" என்று நான் எழுதியதற்குப் பதில்: அசையும் கிஃப் படம் ஒன்றில் ஒரு பூனை தலையாட்டுகிறது. சந்தோஷமா, கோபமா, 'எனக்கு இப்போதுதான் சொல்கிறாயா' என்றா? மஸ்ஜிட் ஜாமெக் நிலையம் வரும்வரை பார்த்தேன். பூனை ஓயவில்லை.

1987இல் காம்புசெர்வ் என்ற கணினிச் சேவை நிறுவனம் கிஃப் படத்தைக் கொண்டுவந்ததில் எனக்குச் சண்டை இல்லை. 1995இல் நெட்ஸ்கேப் இணைய உலாவி அதை நிற்காமல் சுழல வைத்ததே, அங்கேதான் வினை. (காலை வணக்க ரோஜாக்கள் வேறு, மின்னி மின்னிக் கண் கூசும்.)

இரவு அத்தையை அழைத்தேன்.

"பூனையா? பூன்னு நினைச்சுல்ல அனுப்புனேன்! சரி, பால் காய்ச்ச எத்தனை மணிக்கு வரணும்?"