லிஸ்ப் கம்பைலர்: பார்சர் லேசு, குளோஷரில்தான் பாடு

லிஸ்ப் என்ற நிரல்மொழிக்குக் கம்பைலர் (நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) எழுதும்போது, பார்சர் (நிரலின் உரையைப் படித்து மர வடிவமாக்கும் பகுதி) எழுதுவதெல்லாம் ஒரு வேலையே இல்லை. அடைப்புக்குறி திறந்தால் பட்டியல், மற்றதெல்லாம் எண் அல்லது பெயர். அம்பது அறுபது வரியில் முடித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கம்பைலரை ஓகேமல் அல்லது ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் எழுதினால் அந்த மரத்தை ஏழு வகையாகப் பிரித்தால் போதும்: எண், மாறி, இஃப், லெட் (பெயருக்கு மதிப்பைக் கட்டுவது), லாம்டா (பெயரில்லாத ஃபங்ஷன்), அழைப்பு, கூட்டல் கழித்தல் போன்ற அடிப்படைச் செயல்கள். பேட்டர்ன் மேட்சில் (வகைவாரியாகப் பிரித்துக் கையாளும் இடத்தில்) ஒரு வகை விடுபட்டால் அந்த மொழியின் கம்பைலர் எச்சரிக்கும் (ஹாஸ்கெல்லில் -Wall கொடுத்திருந்தால்). அந்த எச்சரிக்கையைப் பிழையாகவே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புது வகை சேர்க்கும்போது எங்கெங்கே கை வைக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். மாறிகளின் அட்டவணையை மாற்ற முடியாத மேப்பாக வைத்து ஆர்குமென்ட்டாக அனுப்புங்கள். லெட் முடிந்ததும் பழைய மேப் அப்படியே இருக்கும், எதையும் திரும்ப எடுக்க வேண்டியதில்லை.

பாடு குளோஷரில்தான், அதாவது வெளியிலிருந்து வரும் மாறிகளின் மதிப்பையும் கூடவே சுமக்கும் ஃபங்ஷனில். (லாம்டா (அ) (+ அ ஆ)) என்பதில் ஆ வெளியிலிருந்து வருகிறது. 64 பிட் கணினியில் இதற்கு ஹீப்பில் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தில்) 16 பைட் ஒதுக்க வேண்டும்: முதல் 8 பைட்டில் கோடின் முகவரி, அடுத்த 8 பைட்டில் ஆவின் மதிப்பு. எந்தெந்தப் பெயர் வெளியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் ஃபங்ஷன் பத்துப் பதினைந்து வரிதான், ஆனால் பலரும் சறுக்குவது அங்கேதான். இதைப் பாருங்கள்:

(லெட் ((அ (+ அ 1))) அ)

கூட்டலுக்குள் இருக்கும் அ வெளியே உள்ளது; கடைசி அ மட்டுமே லெட் கட்டியது. இரண்டு பகுதியின் பெயர்களையும் சேர்த்துவிட்டு மொத்தத்திலிருந்து அ என்ற பெயரை நீக்கினால், வெளியே உள்ள அவும் காணாமல் போகும். உடலிலிருந்து மட்டும் நீக்கிவிட்டு, பிறகு சேர்க்க வேண்டும். தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனுக்கு முதலில் இடத்தை ஒதுக்கி, அந்த முகவரியையே அதன் உள்ளேயும் எழுத வேண்டும்.

ஹீப் முகவரிகளை 8இன் மடங்காகவே ஒதுக்கினால் அவற்றின் கடைசி 3 பிட்டும் சுழியமாக இருக்கும். வகையைக் குறிக்க அந்த இடம் போதும். எண்ணுக்கு 000 என்று வைத்து, எண்ணை 3 பிட் இடப்பக்கம் நகர்த்தினால் (அதாவது 8ஆல் பெருக்கினால்) 5 என்பது 40, 7 என்பது 56. கூட்டினால் 96, அதாவது 12, தொடவே வேண்டாம். பெருக்கினால் 2240 வரும், வர வேண்டியதோ 280. பெருக்கும் முன் ஒன்றை மட்டும் 3 பிட் வலப்பக்கம் நகர்த்திவிடுங்கள். குப்பை சேகரிப்பை (பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்பதை) முதல் பதிப்பில் தொடாதீர்கள்.

விடையை அச்சிட சி ஃபங்ஷனை அழைக்கும்போது சில சமயம் ஓடி, சில சமயம் செக்மென்டேஷன் ஃபால்ட்டில் (நினைவகப் பிழையால் நிரல் நின்றுபோவது) விழுந்தால் ஸ்டாக் பாயின்டரை (தற்காலிக மதிப்புகளை அடுக்கும் ஸ்டாக்கின் உச்சியைக் காட்டும் முகவரியை) பாருங்கள். லினக்ஸ் எக்ஸ்86-64இல் கால் (call, ஃபங்ஷனை அழைக்கும்) கட்டளைக்குச் சற்று முன் அது 16இன் மடங்காக இருக்க வேண்டும். கால் கட்டளையே திரும்பும் முகவரியாக 8 பைட்டை ஸ்டாக்கில் தள்ளிவிடுவதால், நம் ஃபங்ஷனுக்குள் நுழையும்போது கணக்கு எப்போதும் 8 பிசகித்தான் இருக்கும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் தற்காலிக மதிப்புகளைத் தள்ளியிருந்தால் தானாகச் சரியாகிவிடும், இரட்டைப்படை என்றால் விழ வாய்ப்புண்டு.