ஐந்தைத் தாண்டும் கணக்கு: ‘தி வயர்’ பார்க்கும் நாட்குறிப்பு

ஹட்டன், 2025 ஜூன் 2

மழை பிடித்துக்கொண்டது. இனி மாலை ஆறரைக்கு மேல் யாரும் வெளியே தலைகாட்டப் போவதில்லை. 60 எபிசோட் உள்ள தொடரைத் தொடங்க ஏற்ற காலம். பால்டிமோர் நகரத்துப் போதைப்பொருள் கூட்டத்தையும் அதைத் துரத்தும் பொலிஸையும் பற்றிய அமெரிக்கத் தொடர் ‘தி வயர்’, எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2002 ஜூன் முதல் 2008 மார்ச் வரை ஓடியது. ஐந்து சீசன்: 13, 12, 12, 13, 10. வாரத்துக்கு நான்கு பார்த்தால் 15 வாரத்தில் முடியும். ஓரிரவில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்றாவதில் முகங்கள் குழம்பிவிடும்.

ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். பால்டிமோர் தெருப்பேச்சு ஆங்கிலத்தில் படித்து வந்தவர்களுக்கும் லேசில் பிடிபடாது. பக்கத்தில் ஒரு கொப்பி வைத்து மூன்று பத்தி போடவும்: ஆளின் பெயர், யாருக்குக் கீழே வேலை, மேலே இருப்பவர் அவரிடம் கேட்கும் எண்ணிக்கை. பொலிஸ்காரனுக்கு அது கைது. தெருமுனைப் பையனுக்கு விற்ற பொட்டலம். மூன்றாவது பத்தியை வெறுமையாக விட்டால் தொடரில் பாதி புரியாது.

படம் சதுரமாகத் தெரிந்தால் ரீவியில் பழுது தேட வேண்டாம். எடுக்கப்பட்டதே 4:3 அளவில்தான். அகலத்திரைப் பதிப்பு 2014 டிசம்பரில் வந்தது. இரண்டும் கிடைத்தால் சதுரமே மேல். ஆட்களை நெருக்கிக் காட்டுவதற்காக அமைத்த படச்சட்டம் அது.

ஜூன் 6

மூன்று எபிசோட் முடிந்தது. இந்தத் தொடரைக் கைவிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். “ஒன்றுமே நடக்கவில்லை” என்பதுதான் முறைப்பாடு. முதல் காட்சியில் பிணம், கடைசிக் காட்சியில் குற்றவாளி என்று பழகிய கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும். இங்கே போதைப்பொருள் கூட்டத்தின் தலைவன் ஏவன் பார்க்ஸ்டேல் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். அதை நீதிமன்றத்தில் எப்படி நிறுவுவது என்பதுதான் சிக்கல். அவனுடைய ஒரு படம்கூட பொலிஸ் கையில் இல்லை.

படத்தைக் கொண்டுவருபவர் லெஸ்டர் ஃப்ரீமன் என்ற பொலிஸ்காரர், அதுவும் ஒரு பழைய குத்துச்சண்டைச் சுவரொட்டியிலிருந்து. மேலதிகாரி சொல் கேட்காததால் 13 ஆண்டும் நான்கு மாதமும் அடகுக்கடைப் பிரிவில் தள்ளி வைக்கப்பட்டிருந்தவர். வேலை நேரத்தில் பொம்மை வீட்டுக்குச் சின்னஞ்சிறு நாற்காலி செய்துகொண்டிருக்கிறார். அதைச் சும்மா அலங்காரத்துக்கு வைக்கவில்லை. அரைவிரல் உயர நாற்காலிக்குக் கால் பொருத்தும் பொறுமைதான் பிறகு தொலைபேசிப் பதிவுகளுக்குள் இறங்குகிறது.

இன்னொரு காட்சி: பொலிஸுக்கு உளவு சொல்லும் போதைக்காரன் பபிள்ஸ் தொப்பி விற்பவன் மாதிரி தெருவில் போவான். முக்கியமான ஆளின் தலையில் சிவப்புத் தொப்பியை வைத்துப் பார்த்து எடுப்பான். கூரையில் இருக்கும் பொலிஸ்காரி கிமா அந்தத் தலையை மட்டும் படம் பிடிப்பாள். ஒருவர் பெயரையும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

ஜூன் 9

நான்காவது எபிசோட். காலியான ஒரு வீட்டுச் சமையலறைக்குள் துப்பறிவாளர்கள் மக்னல்டியும் பங்க்கும் பழைய கொலையொன்றைத் திரும்ப ஆராய்கிறார்கள். சில நிமிடம் ஓடும் அந்தக் காட்சியில் இருவர் வாயிலும் ஒரே கெட்ட வார்த்தைதான், வெவ்வேறு தொனியில். (பெரியவர்களோடு உட்கார்ந்து பார்ப்பவர்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளவும்.)

வசனத்தை மறந்துவிட்டுக் கைகளைக் கவனியுங்கள். காயத்தின் படத்தைப் பார்க்கிறார்கள். அளவுநாடாவை இழுத்து, குண்டு வந்த கோட்டைப் பிடிக்கிறார்கள். அந்தக் கோடு யன்னலுக்கு வெளியே போகிறது. ஆக, சுட்டவன் உள்ளே வரவேயில்லை. கோட்டின் மறுமுனையில் குளிர்சாதனப் பெட்டி. அதன் கதவுக்குள் குண்டு. வெளியே புல்லுக்குள் தோட்டா உறை. முதல் விசாரணையில் யாரும் யன்னலுக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை. “எவ்வளவு கெட்டிக்காரர்கள்” என்று ஒருவர்கூட வாயால் சொல்லாமல் நமக்கு அது புரிந்துவிடுகிறது.

ஜூன் 14

மின்சாரம் போய் வந்தது. அதற்குள் மெழுகுதிரி வெளிச்சத்தில் பேஜர் கணக்கைப் போட்டுப் பார்க்க முடிந்தது.

கூட்டத்துக்குக் கைத்தொலைபேசி தடை. பேஜருக்கு (எண்ணை மட்டும் காட்டும் சிறு கருவி) ஓர் இலக்கம் வரும். பார்த்தவன் பொதுத் தொலைபேசிக்குப் போய்ப் பேச வேண்டும். வரும் இலக்கமோ உண்மையானதல்ல. அதை உடைப்பவர் பிரெஸ் என்ற பொலிஸ்காரர். துப்பாக்கி கையில் இருந்தால் ஆபத்து என்று மேசைக்குத் தள்ளப்பட்டவர்.

தொலைபேசி விசைப்பலகையை மனதில் கொண்டுவாருங்கள். நடுவில் 5. எந்த எண்ணாக இருந்தாலும் 5ஐத் தாண்டி நேரெதிரே இருப்பதை எடுக்க வேண்டும்: 1க்கு 9, 2க்கு 8, 3க்கு 7, 4க்கு 6, மறுபக்கமும் அதேபோல். 5ம் 0வும் தமக்குள் இடம் மாறும். நம்முடைய ஹட்டன் குறியீடு 051ஐ இப்படி மாற்றினால் 509. நுவரெலியாவின் 052, 508 ஆகும். இது கணிதமேதைக்கான பூட்டே இல்லை. தெருமுனையில் நிற்கும் பதினைந்து வயதுப் பையன் தாள் பேனா இல்லாமல் நொடியில் மாற்றவேண்டும் என்பதற்காகச் செய்தது. எளிமைதான் அதன் பலம், உடைந்ததும் அதனால்தான்.

உடைத்த பிறகும் வேலை ஓயாது. ஒட்டுக்கேட்கத் தொடங்குமுன் மற்ற வழிகள் பலிக்கவில்லை என்று நீதிபதியிடம் எழுதிக் காட்ட வேண்டும். பொதுத் தொலைபேசியில் ஊரே பேசும்; ஆகவே சந்தேகநபர் ரிசீவரை எடுப்பதைக் கூரையில் ஒருவர் கண்ணால் கண்டு சொன்னால்தான் ஒட்டுக்கேட்கலாம். வழக்குக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்றால் நிறுத்திவிட வேண்டும். சிறுநீர் கழிக்கக் கூரையை விட்டு இறங்கினால் அந்த அழைப்பு போச்சு.

ஜூலை 12

இரண்டாவது சீசன் திடீரென்று துறைமுகத்துக்குப் போகிறது. பழகிய ஆட்களைக் காணோமே என்று பலர் எரிச்சல்படுவார்கள். மலையகத்தில் இருப்பவர்களுக்கு இதுவே மிக நெருக்கமான சீசன் என்பது இந்தக் குறிப்பின் பிடிவாதமான கருத்து.

காலையில் தொழிலாளர்கள் கூடி, அன்றைக்கு யாருக்கு வேலை என்று காத்து நிற்கும் காட்சியை, தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களம் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூத்தவர்களுக்கு முதலில், இளையவன் நிக் பாதி நாள் வெறுங்கையோடு திரும்புகிறான். சங்கத் தலைவர் ஃபிராங்க் சொபோட்கா கடத்தல் கொள்கலன்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பணம் வாங்குகிறார். அந்தப் பணத்தை அரசியல்வாதிகளைச் சரிக்கட்டத்தான் கொட்டுகிறார். கால்வாயை ஆழப்படுத்தினால் பெரிய கப்பல் வரும், கப்பல் வந்தால் ஆட்களுக்கு வேலைநாள் கூடும். இவரைத் திருடன் என்று ஒதுக்கவும் முடியாது, தியாகி என்று மாலை போடவும் முடியாது. கொள்கலன் ஒன்றுக்குள் 13 பெண்கள் மூச்சுமுட்டிச் செத்துக் கிடந்ததற்கு அப்புறமும் அவர் நிறுத்தவில்லையே.

இவ்வளவையும் கிளறிவிட்ட காரணம் இன்னும் அற்பம். தேவாலயத்துக்கு வண்ணக்கண்ணாடி யன்னல் கொடுப்பதில் சங்கம் முந்திக்கொண்டது என்று ஒரு பொலிஸ் அதிகாரிக்குக் கோபம்.

ஆகஸ்ட் 5

மூன்றாவது சீசன், சுருக்கமாக. பேஜர் போய், எறிந்துவிடும் கைத்தொலைபேசி வருகிறது. விதி: ஒரு கடையில் இரண்டுக்கு மேல் வாங்கக்கூடாது, கொஞ்ச நாளில் வீச வேண்டும். வாங்கப் போகிறவன், காதலியின் நச்சரிப்புத் தாங்காமல் ஒரே கடையில் மொத்தமாக வாங்கிவிடுகிறான். பொலிஸ் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைகிறது.

பார்க்ஸ்டேலுக்கு அடுத்த ஆளான ஸ்ட்ரிங்கர் பெல் வகுப்புக்குப் போய்ப் பொருளியல் படித்தவர். கூட்டாளிகளின் சந்திப்பைச் சங்கக் கூட்டம் மாதிரி ஒழுங்குமுறைப்படி நடத்துகிறார். உதவியாளன் விசுவாசமாகக் கூட்டக்குறிப்பு எழுதுகிறான், குற்றச்சதிக்கே குறிப்பு! சங்கக் கமிட்டியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குச் சிரிப்பு அடங்காது.

ஆகஸ்ட் 27

நான்காவது சீசன். கொப்பியின் மூன்றாவது பத்தி இங்கே நிரம்பி வழியும்.

பிரெஸ் இப்போது பள்ளிக்கூடத்தில் கணித ஆசிரியர். பொலிஸில் கொள்ளையைச் சின்னத் திருட்டாக எழுதிக் குற்றத்தைக் குறைத்துக் காட்டினார்கள். பள்ளியில் பரீட்சைக்கு வரும் கேள்வியை மட்டும் பழக்கிப் புள்ளியை ஏற்றிக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே வேலை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க ஆள் வைக்கிறார்கள். ஒரு பிள்ளை செப்டெம்பரில் ஒரு நாள், ஒக்டோபரில் ஒரு நாள் வந்தால் போதும். பள்ளிக்கு நிதி கிடைக்க வேண்டியது அந்தத் தலைக்கணக்குத்தான். மூன்றாம் நாள் அவன் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தண்ணீருக்கும் சாக்குக்கும் கிலோ கழித்து, மிச்சம் குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் கூலி) போடும் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் வகுப்பில் பழைய வினாத்தாளை மட்டுமே திருப்பித் திருப்பிச் செய்தவர்களுக்கும்தான்.

தொடரை முக்கியமாக எழுதிய இருவருடைய தொழிலையும் சொல்லாமல் விட முடியாது. டேவிட் சைமன் ‘பால்டிமோர் சன்’ பத்திரிகையில் செய்தியாளராக இருந்தவர். எட் பர்ன்ஸ் அந்நகரத் துப்பறிவாளராக இருந்து, பின் பள்ளி ஆசிரியரானவர். அவர் 1980களில் கைதுசெய்த மெல்வின் வில்லியம்ஸ் இதே தொடரில் தேவாலயப் பெரியவராக நடிக்கிறார்.

மாணவர்கள் மைக்கல், நமோண்ட், ராண்டி, டூக்கி: யார் எங்கே போய்ச் சேருவான் என்று முதல் எபிசோடிலேயே கொப்பியில் ஊகம் எழுதி வையுங்கள். நான்கும் சரியாக வந்தவர்களை இதுவரை காணவில்லை.

செப்டெம்பர் 13

ஐந்தாவது சீசன் பத்திரிகை அலுவலகத்துக்குள் நடக்கிறது. பத்தே எபிசோட், அவசரம் தெரிகிறது. விசாரணைக்குப் பணம் ஒதுக்க வைப்பதற்காக மக்னல்டி இல்லாத ஒரு தொடர் கொலைகாரனை உருவாக்குவது, அதுவரை நம்ப வைத்த எழுத்துக்கு ஏற்றதாக இல்லை. இருந்தாலும் விடாதீர்கள், பபிள்ஸுக்காக.

அவன் சகோதரி வீட்டு அடித்தளத்தில் குடியிருக்கிறான். மேலே போகும் கதவை அவள் பூட்டியே வைத்திருப்பாள். போதைக்காரனை நம்பி ஏமாந்தவள். கடைசி எபிசோடில் அந்தக் கதவு திறந்திருக்கிறது. படியேறி வந்து, மேசையில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான். வசனம் இல்லை, சில விநாடிதான். அந்த நேரம் கேத்திலை வைக்க எழுந்து போனால் தவறிவிடும்.