ஏர் ரைபிளுக்கு ஸ்கோப் தேர்வு: வேலூர் வெயிலில் செய்து பார்த்தது

ஸ்கோப், அதாவது துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி, பற்றித் தேடினால் வருவதெல்லாம் அமெரிக்காவில் முந்நூறு நானூறு கெஜத்தில் மான் சுடுகிறவர்களுக்கான ஆலோசனைதான். நமக்கு அது ஒத்துவராது. இங்கே வேட்டை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு முடிந்த கதை, அது சரியும்கூட, ஜவ்வாது மலையில் மிச்சமிருப்பதை உயிரோடு பார்க்கத்தான் எனக்கு ஆசை. என்னிடம் இருப்பது 4.5 மி.மீ. ஸ்பிரிங் ஏர் ரைபிள், சுடுவது அட்டைகளை மட்டும், இடம் ஒடுகத்தூர் பக்கம் சித்தப்பா நிலத்தில் ஆளுயர மண்கரைக்கு முன்னால்.

"அண்ணா, வாங்குறதே வாங்குறீங்க, 24 பவரா பாத்து வாங்கிடுங்க" என்றான் காட்பாடி நண்பன். அவனுடைய 6-24 × 50-ஐயே (பெருக்கம் 6 முதல் 24 மடங்கு, முன் கண்ணாடி 50 மி.மீ.) கேட்டு வாங்கி மாட்டினேன். காலை ஏழு மணிக்கு, 50 மீட்டரில் பெல்லட் (ஏர் ரைபிளின் சின்னக் குண்டு) போட்ட ஓட்டையின் கிழிந்த ஓரம்கூடத் தெரிந்தது, அருமை. வெயில் ஏறி அறுவடை முடிந்த நிலத்திலிருந்து சூடு கிளம்பியதும் அட்டையின் கறுப்பு வட்டம் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல நெளிய ஆரம்பித்தது. பெருக்கத்தைக் கூட்டினால் கானலும் சேர்ந்தே பெரிதாகிறது. பத்துக்குக் கீழே இறக்கிய பிறகுதான் குறி வைக்க முடிந்தது. சாயங்காலம் வேறு சிக்கல். 50-ஐ 24-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 2 மி.மீ. சொச்சம், அதனால் இருட்டிக்கொண்டு வருகிறது. அதே ஸ்கோப்பில் 8-ல் வைத்தால் 6 மி.மீ.க்கு மேல்.

அதனால் நான் எடுத்தது 4-12 × 40, முன்பக்கம் பாரலாக்ஸ் வளையம் உள்ளது. கண் நகர்ந்தால் குறுக்குக்கோடும் இடம் மாறித் தெரிவதுதான் பாரலாக்ஸ், தூரத்துக்கேற்ப அதைச் சரிசெய்வது இந்த வளையம். என்னைக் கேட்டால் பவரைவிட இந்த வளையம்தான் முக்கியம். பெரிய துப்பாக்கிக்கான ஸ்கோப் பலவற்றில் பாரலாக்ஸ் 100 கெஜத்துக்கு நிலையாக வைத்திருப்பார்கள், நாம் சுடுவதோ 10 முதல் 50 மீட்டர். ரைபிளை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, கை படாமல் கண்ணை மட்டும் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். குறுக்குக்கோடு அட்டையின் மேல் நகர்ந்தால், கன்னம் வைக்கும் இடம் மாறும்போதெல்லாம் குண்டு படும் இடமும் மாறும். வளையத்தைத் திருப்பி அந்த நகர்வு நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும், அதில் அச்சிட்ட தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

அப்புறம் கிளிக், அதாவது குறியை நகர்த்தும் குமிழின் ஒவ்வொரு படி. கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்றால் 25 மீட்டரில் ஒரு கிளிக்குக்கு 1.8 மி.மீ. கிராஃப் தாளை ஒட்டி, மேலே 40, வலப்பக்கம் 40, கீழே 40, இடப்பக்கம் 40 என்று திருப்பித் திருப்பிச் சுட்டேன். சுமார் 7 செ.மீ. சதுரம் விழுந்து, கடைசிக் குண்டுகள் ஆரம்பித்த ஓட்டையிலேயே வந்து சேர்ந்தன. விலை குறைந்த ஸ்கோப்பாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தேறினால் தைரியமாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பிரிங் ரைபிள் பின்னாலும் முன்னாலும் இரண்டு உதை உதைக்கும், அதைத் தாங்கும் என்று சொல்லி விற்கும் ஸ்கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் மவுண்ட், ரைபிள் மேலுள்ள காடியில் பின்னுக்கு நகர்கிறதா என்று தெரிய ஓரத்தில் நெயில் பாலிஷ் கோடு போட்டிருக்கிறேன், இதுவரை விலகவில்லை.

என்னுடையதில் குறுக்குக்கோட்டின் மில் புள்ளிகள் (ஒரு இடைவெளி தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெருக்கம் 12-ல் மட்டுமே சரியான அளவு. 50 மீட்டரில் ஒரு புள்ளி இடைவெளி 5 செ.மீ., கானலுக்காக 6-க்கு இறக்கினால் அதுவே 10 செ.மீ. ஆகிவிடும். இரண்டுக்கும், எந்தத் தூரத்துக்கு எந்தப் புள்ளி என்று தனித்தனி அட்டவணை எழுதி ரைபிளின் பின்கட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். 6-க்கானது பாதிதான் முடிந்திருக்கிறது, மீதி ஆடிக்காற்று அடங்கிய பிறகு.