ஊருக்குள் மட்டும் திறந்திருந்த கடை

எங்கள் அலுவலகம் கல்லடிப் பாலத்துக்கு அண்மையில், ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருக்கிறது. இரண்டு மேசை, மூன்று கணினி, மழைக்காலத்தில் அடிக்கடி மயங்கி விழும் ஒரு ரவுட்டர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சிறு வணிகர்கள் சிலருடைய இணையத்தளங்களைப் பராமரித்து வருகிறோம். அவற்றுள் ஒன்று மருதமுனையிலுள்ள கைத்தறிக் கடை ஒன்றினுடையது. சாரன், சேலை, மேசைவிரிப்பு என அங்கே நெய்யப்படுபவற்றுக்கு வெளிநாட்டில் வாழும் நம்மவர்களே பெரிய வாடிக்கையாளர்கள் என்பதால், அந்தக் கடைக்காரருக்குத் தளம் என்பது வீதியோரப் பெயர்ப்பலகையைவிட முக்கியமானது.

நோன்பு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், பெப்ரவரி நடுப்பகுதியில் அந்தக் கடைக்காரரான ஹாஜியார் தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, கூகுள்ல நம்மட கடையக் காணல்ல. போன மாசம் முன்னுக்கே நிண்டது” என்றார். பெருநாள் விற்பனை அவருடைய ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு என்பது எனக்குத் தெரியும். உடனே தளத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு செக்கனில் திறந்தது. என் கைப்பேசியில் திறந்தது. ஏறாவூரில் தன் வீட்டிலிருந்த சக ஊழியரிடம் கேட்டேன், அங்கும் திறந்தது. கூகுள் தன் தரவரிசை முறையை மாற்றியிருக்கும் என்று ஹாஜியாருக்கு விளக்கம் சொன்னேன். எங்கள் தொழிலில் காரணம் தெரியாதபோது சொல்லுவதற்கென்றே இருக்கும் விளக்கம் அது. யாராலும் மறுக்க முடியாது, யாருக்கும் பயனும் இல்லை.

அன்று மாலை சற்று ஒழுங்காகத் தேடினேன். அந்தத் தளத்தின் பக்கங்களை மட்டும் காட்டுமாறு கூகுளிடம் கேட்டபோது, நூற்றுக்கு மேல் இருந்த பக்கங்களில் பதினொன்றே மிஞ்சியிருந்தன. ஆகவே இது பின்தள்ளப்பட்ட கடையல்ல, பட்டியலிலிருந்து கழன்றுகொண்டிருக்கும் கடை என்பது புரிந்தது. தளத்தைக் கட்ட நாங்கள் பயன்படுத்திய வேர்ட்பிரஸ் மென்பொருளில் தேடுபொறிகளைத் தவிர்க்கும்படி சொல்லும் ஒரு சிறு தெரிவுப் பெட்டி உண்டு. தளத்தைக் கட்டும் காலத்தில் இட்ட சரியடையாளத்தைப் பின்னர் எடுக்க மறந்துவிடுவது நான் இருமுறை கண்ட தவறு. இம்முறை அது வெறுமையாகவே இருந்தது. ரோபோட்ஸ் கோப்பைப் பார்த்தேன். 1994இல் மார்ட்டைன் கொஸ்டர் முன்வைத்து, 2022இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற முறையான ஆவணமாக வெளிவந்த அந்த ஏற்பாட்டின்படி, எந்த வழியால் வரலாம், எந்த வழியால் வரக்கூடாது என்று தேடுபொறியின் ஊர்திகளுக்கு, அதாவது தளம் தளமாகப் போய்ப் பக்கங்களைப் படித்துவரும் நிரல்களுக்கு, சொல்லும் கோப்பு அது. எங்களுடையதில் நான்கே வரிகள். நான்கிலும் பிழை இல்லை.

பிறகுதான், கூகுள் ஒரு தளத்தை எப்படிக் காண்கிறது என்று அதைப் பராமரிப்பவருக்குக் காட்டும் சேர்ச் கொன்சோலுக்குள் போனேன்; மாதக்கணக்கில் அதைத் திறந்ததில்லை. அங்கே ஊர்தியின் வருகையைக் காட்டும் வரைகோடு ஜனவரி நடுவில் செங்குத்தாக விழுந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது. தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் பெயர்த் தீர்வில் கோளாறு இல்லை. ஆனால் ரோபோட்ஸ் கோப்பை எடுக்க முடியவில்லை, சேர்வருடன் இணைய முடியவில்லை என்று இரண்டு இடங்களில் சிவப்பு. அந்தக் கோப்பே இல்லையென்று 404 பதில் வந்தால், தடை எதுவுமில்லை என்று கருதிக் கூகுள் உள்ளே வரும். சேர்வர் பதிலே சொல்லாவிட்டாலோ 5 இல் தொடங்கும் பிழையைச் சொன்னாலோ, முழுத் தளமும் தடுக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டு முதலில் ஒதுங்கி நிற்கும். தடைப்பலகை இல்லை என்று பதில் சொல்லும் வீடும் கதவைத் தட்டியும் சத்தமில்லாத வீடும் அதற்கு ஒன்றல்ல.

இவ்வளவும் கண்ணுக்கு முன்னால் இருந்தும் நான் கொன்சோலை நம்பவில்லை. கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, என்னைக் கூகுளின் ஊர்தியான கூகுள்பொட் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு தளத்துக்கு ஒரு கோரிக்கையை அனுப்பினேன். எல்லாம் சரி என்று பொருள்படும் 200 என்ற பதிலுடன் பக்கம் முழுவதும் வந்தது. மறுபடியும் அனுப்பினேன், மறுபடியும் 200. பிழை கூகுளின் பக்கம்தான் என்று முடிவுகட்டி, உறுதிப்படுத்துவதற்காக, வந்துசேரும் கோரிக்கைகளைக் குறித்துவைக்கும் சேர்வரின் பதிவேட்டைத் திறந்தபோது கூகுள்பொட் என்ற பெயர் வரிசையாக நின்றது. சற்று நேரம் எனக்கு வெற்றிப் பெருமிதம்கூட இருந்தது. பிறகு வரியின் தொடக்கத்திலுள்ள ஐபி முகவரியை, அதாவது கோரிக்கை எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் எண்ணைப் பார்த்தேன். அது எங்கள் அலுவலக ரவுட்டரின் முகவரி. நான் போட்ட வேடத்தை நானே கண்டு, கூகுள் வந்திருக்கிறது என்று மகிழ்ந்திருக்கிறேன்.

பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம். முகவரியை அப்படிச் சூட்ட முடியாது. உண்மையான ஊர்தி பெரும்பாலும் 66.249 என்று தொடங்கும் அமெரிக்க முகவரிகளிலிருந்து வரும். அந்த முகவரிக்குரிய பெயரைத் திருப்பிக் கேட்டால் கூகுள்பொட்.கொம் என்றோ கூகுள்.கொம் என்றோ முடியும் பெயர் கிடைக்கும். அப்பெயரை மறுபடி முகவரியாக மாற்றினால் தொடங்கிய இடத்துக்கே வரும். இரண்டு மாதப் பதிவேடுகளைச் சேமித்து வைப்பது எங்கள் வழக்கமாதலால், சுருக்கி வைத்திருந்த பழைய கோப்புகளை ஒவ்வொன்றாக விரித்து 66.249ஐத் தேடினேன். பெப்ரவரியில் ஒரு வரியும் இல்லை. ஜனவரியின் கடைசி இரண்டு வாரங்களிலும் இல்லை. கடைசி வரி, தைப்பொங்கலுக்கு முந்திய நாள் மாலை 6.42க்கு இருந்தது: ஒரு சேலையின் படம், 200. அதற்குப் பின் வெறுமை. மறுப்பும் இல்லை, பிழை எண்ணும் இல்லை.

பொங்கலுக்கு முந்திய நாள் மாலை நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தளத்தின் நுழைவுப் பக்கத்தில் யாரோ ஆயிரக்கணக்கில் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகவரிகள் அத்தனையும் வெளிநாடு. வீட்டுக்குப் போகும் அவசரம். மறுநாள் விடிய எழுந்து பானை வைக்க வேண்டும். இலங்கை முகவரிகளுக்கு மட்டும் அனுமதி, மற்றவை கைவிடப்படும் என்று சேர்வரின் வாயிற்காவலான பயர்வாலில் ஒரு விதியை எழுதிவிட்டு விளக்கை அணைத்தேன். நுழைவுப் பக்கத்துக்கு மட்டும் இட்டிருக்க வேண்டிய பூட்டை முழுத் தளத்துக்கும் இட்டுவிட்டேன். அந்தச் சேர்வரே சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்தது என்பதை இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கைவிடச் சொல்லியிருந்தால் பயர்வால் வருபவரை மறுத்துப் பதில் சொல்வதில்லை. தட்டும் சத்தத்தை விழுங்கிவிடும். அதனால்தான் பதிவேட்டில் ஒரு கீறல்கூட விழவில்லை. வேறு நாட்டிலிருந்து வருவதுபோல் காட்டும் விபிஎன் ஒன்றைக் கைப்பேசியில் இயக்கி, நெதர்லாந்து வழியாகத் தளத்தைத் திறக்க முயன்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து ஓய்ந்தது.

காரணமும் விளைவும் அடுத்தடுத்த நாள் வந்திருந்தால் அன்றே பிடித்திருப்பேன். கூகுள் எட்ட முடியாத பக்கத்தை உடனே தூக்கி எறிவதில்லை. திரும்பத் திரும்ப முயன்று, கொஞ்சம் கொஞ்சமாகவே பட்டியலிலிருந்து இறக்கும். ஆகவே ஜனவரியில் இட்ட விதியின் வலி பெப்ரவரியில்தான் தெரிந்தது. இடையில் வேறு அறிகுறிகளும் வந்திருந்தன. பேஸ்புக்கில் சேலையின் இணைப்பைப் போட்டால் படம் வருவதில்லை என்று ஹாஜியார் மகள் ஒருமுறை சொன்னார். வட்ஸ்அப்பில் வருகிறதே என்று நான் பதில் சொன்னேன். வட்ஸ்அப்பில் முன்தோற்றத்தை அனுப்புபவரின் கைப்பேசியே மருதமுனையிலிருந்து எடுக்கிறது. பேஸ்புக்கில் அந்நிறுவனத்தின் சேர்வர் வெளிநாட்டிலிருந்து வந்து எடுக்க வேண்டும். இன்னொன்று அதைவிட ஆபத்தானது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு எங்கள் தளத்துக்கு வழங்கியிருந்த பாதுகாப்புச் சான்றிதழ் 90 நாட்களுக்கே செல்லும்; எங்கள் ஏற்பாட்டில் அது புதுப்பிக்கப்படும் முன், உலகின் பல இடங்களிலிருந்து எங்கள் தளத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். அந்தத் தொடுகையும் விழுங்கப்பட்டு, பதினொரு நாட்களாகப் புதுப்பித்தல் தோற்றுக்கொண்டிருந்தது. இன்னும் பத்தொன்பது நாளில் சான்றிதழ் காலாவதியாகி, பிரவுசர்கள் எச்சரித்துத் தடுக்க, ஊருக்குள்ளும் கடை மூடியிருக்கும்.

விதியை நீக்கி, நுழைவுப் பக்கத்துக்கு மட்டும் தடையும் முயற்சிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் வைக்கக் கால் மணி நேரம்கூடச் செல்லவில்லை. கொன்சோலில் நேரடிச் சோதனை செய்தேன்; கூகுளின் இடத்திலிருந்தே நடக்கும் சோதனை என்பதால் இம்முறை அதை நம்பினேன். பக்கங்களின் பட்டியலான தளவரைபடத்தை மறுபடி சமர்ப்பித்தேன். மறுநாள் விடியற்காலை 4.17க்குப் பதிவேட்டில் 66.249 வந்து, முதலில் ரோபோட்ஸ் கோப்பைக் கேட்டது. பிறகு முகப்பு. பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிவரப் பல வாரங்கள் சென்றன; பெருநாளுக்கு முன் பாதிதான் வந்திருந்தது.

தவறு என்னுடையது என்பதை ஹாஜியாரிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால், பஸ்ஸேறி மருதமுனைக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கூகுள் அமெரிக்காவில இருந்தா வாறது?” என்றார். பெரும்பாலும் ஆம் என்றேன். அந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தை நான் கேட்கவில்லை. அவரும் தருவதாகச் சொல்லவில்லை. அது சரியே.

திரும்பும் பஸ்ஸில், பெரியநீலாவணையைத் தாண்டும்போது, கத்தாரில் வேலை செய்யும் அவருடைய மருமகனின் குரற்பதிவு ஒன்று என் வட்ஸ்அப்பில் கிடப்பது நினைவுக்கு வந்தது. ஜனவரி கடைசியில் ஹாஜியார் எனக்கு அனுப்பியது. நாற்பத்தெட்டு செக்கன். அன்று தளம் திறக்கவில்லை என்ற முதல் வாக்கியத்தோடு நிறுத்திவிட்டு, பிரவுசரின் பழைய தரவுகளை அழித்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்று பதில் எழுதியிருந்தேன். இப்போது முழுவதையும் கேட்டேன். “ஒஃபிஸ் வைபைலயும் திறக்குதில்ல, போன் டேட்டாலயும் திறக்குதில்ல, சவூதில இரிக்கிற கூட்டாளிக்கும் இதே கததான். உம்மாக்கு வீட்ட திறக்குதாம். நாங்க ஊருக்கு வந்தாத்தான் மாமாட கட திறக்கும் போல.”