கிரயமா, குத்தகையா? கணினி விளையாட்டு வாங்கும் முன் நான் பார்ப்பவை

நான் பத்திரம் எழுதுகிறவன். மன்னார்குடியில் 18 வருடமாக இதுதான் தொழில். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வரியை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேன் என்று தெரியாது. பணம் கைமாறியது, இடமும் கைமாறியது, இனி விற்றவர் திரும்பி வந்து கேட்க முடியாது என்பதுதான் அந்த வரியின் பலம்.

போன வாரம் காலாண்டுத் தேர்வு முடிந்து வந்த மகன், ஸ்டார்டியூ வேலி என்ற விளையாட்டை வாங்கித் தரச் சொன்னான். விவசாயம் செய்யும் விளையாட்டு. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டது. கொடுக்கிற காசுக்குத் தகுதியானதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஸ்டீம், ஜிஓஜி என்று கணினி விளையாட்டு விற்கும் இரண்டு இணையக் கடைகளில் எதில் வாங்குவது என்பதற்குத்தான் இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். அவனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு கடையிலும் ஒரே விளையாட்டுதானே அப்பா, எங்கே வாங்கினால் என்ன என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஸ்டீமில் ஏதாவது வாங்கப் போனால், பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்ன வரி இருக்கும். நீங்கள் வாங்குவது ஸ்டீமில் அந்தப் பொருளைப் பயன்படுத்துவதற்கான உரிமம் என்று அது சொல்கிறது. 2024 அக்டோபரில்தான் அந்த வரியைச் சேர்த்தார்கள். வெறும் உரிமத்தைக் கொடுத்துவிட்டு "வாங்குங்கள்" என்று பட்டன் வைக்கக் கூடாது, வைத்தால் உண்மையைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. 2025 தொடக்கத்தில் அது அமலுக்கு வரவிருந்தது. அதனால் வந்த வரி. அதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. குத்தகையைக் குத்தகை என்று எழுதிவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. குத்தகைச் சீட்டின் மேல் கிரயம் என்று தலைப்புப் போடுவதுதான் தப்பு.

குத்தகை என்றால் என்ன ஆகும் என்பதற்கு தி க்ரூ என்ற கார் பந்தய விளையாட்டே சாட்சி. 2014இல் வந்தது. தனியாக விளையாடினாலும் யூபிசாஃப்ட் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு இருந்தே ஆக வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். சர்வர் நின்றதும் காசு கொடுத்தவர்கள் யாராலும் அதைத் திறக்க முடியவில்லை. இதை எதிர்த்துத் தொடங்கிய இயக்கம் ஐரோப்பாவில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. நானும் ஐரோப்பியனாக இருந்திருந்தால் முதல் நாளே போட்டிருப்பேன். இன்னொரு செய்தியும் அதே ஆண்டில் வந்தது: ஸ்டீம் கணக்கை உயில் எழுதிக்கூட இன்னொருவருக்கு விட்டுச்செல்ல முடியாது என்று அவர்களின் வாடிக்கையாளர் சேவை பதில் சொல்லியிருந்தது. மாதத்துக்கு நாலு உயில் எழுதுகிறவன் அதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியுமா?

ஆனால் நான் உண்மையிலேயே அடிபட்டது வேறு இடத்தில். 2019இல் ஒரு போர்த்தந்திர விளையாட்டின் ஆக்டிவேஷன் கீயை, அதாவது கணக்கில் பதிந்தால் விளையாட்டைத் திறந்துவிடும் குறியீட்டை, ஒரு மறுவிற்பனைத் தளத்தில் வாங்கினேன். பெயர் வேண்டாம். அதிகாரப்பூர்வக் கடையில் 1,500 ரூபாய்க்கு மேல், அங்கே 700 ரூபாய். கீயைப் பதிந்தேன், இறங்கியது, ஏழு வாரம் விளையாடினேன். எட்டாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் திறந்தால் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. கீ ரத்து செய்யப்பட்டது என்று ஒரே வரியில் அறிவிப்பு. விற்றவருக்கு எழுதினேன். அந்தக் கணக்கே இல்லை. தளத்துக்கு எழுதினேன். காப்புத் திட்டத்துக்குத் தனியாகப் பணம் கட்டாததால் ஒன்றும் செய்ய முடியாது என்று பதில் வந்தது.

என்ன நடந்திருக்கும் என்று பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். திருட்டு கிரெடிட் கார்டில் ஒருவன் விளையாட்டைத் தயாரித்தவரிடமே மொத்தமாகக் கீ வாங்குகிறான். அதை மறுவிற்பனைத் தளத்தில் பாதி விலைக்குத் தள்ளுகிறான். கார்டின் சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்கிறார், வங்கி பணத்தைத் திரும்பப் பிடுங்குகிறது. அதற்கு அபராதக் கட்டணமும் தயாரித்தவர் தலையில்தான் விழுகிறது. ஃபேக்டோரியோ என்ற விளையாட்டைச் செய்த செக் நாட்டு வூப் நிறுவனம் இதைக் கடைசிவரை விடாமல் துரத்தியது. விசாரணையில் 198 கீகள் முறைகேடாக வந்தவை என்று உறுதியாகி, அவற்றை விற்ற சந்தை 2020இல் 39,600 டாலர் கொடுத்தது. அந்த அளவுக்குத் துரத்த எத்தனை சிறு தயாரிப்பாளர்களால் முடியும்?

என்னிடம் மனை வாங்க வருகிறவர்களிடம் முதலில் வில்லங்கச் சான்று எடுத்தீர்களா, மூலப் பத்திரம் பார்த்தீர்களா என்று கேட்பேன். விற்கிறவருக்கு விற்க உரிமை இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்க விடமாட்டேன். அதே நான், பவர் இல்லாதவனிடம் 700 ரூபாய்க்கு எழுதி வாங்கியிருக்கிறேன். இப்போது வழக்கம் மாறிவிட்டது. ஹம்பிள், ஃபனாட்டிக்கல், கிரீன் மேன் கேமிங் போன்றவை தயாரிப்பாளர்களிடமிருந்தே கீ பெற்று விற்பவை. எந்தக் கடை இப்படிப்பட்டது, இப்போது எங்கே என்ன விலை, இதுவரை வந்த குறைந்த விலை என்ன என்பதையெல்லாம் இஸ் தேர் எனி டீல் என்ற தளத்தில் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். அதில் இல்லாத கடையில் நான் வாங்குவதில்லை.

அடுத்தது, ஒரே பெயரில் இரண்டு சரக்கு இருப்பது. 2003இல் தஞ்சாவூரில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு 20 ரூபாய் கொடுத்து, நானும் அண்ணனும் ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 விளையாடுவோம். ஒரே நாற்காலி, ஒரே மவுஸ். என் முறை முடிந்ததும் எழுந்து நிற்பேன், அவன் உட்காருவான். அவன் படை எங்கே நிற்கிறது என்று பார்த்துவிடக் கூடாது என்பதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அந்த விளையாட்டை மறுபடி வாங்கலாம் என்று தேடியபோது இரண்டு கிடைத்தன. ஸ்டீமில் 2015இல் வந்த எச்டி பதிப்பு. படங்கள் துலக்கமாக இருக்கும். ஜிஓஜியில் 'கம்ப்ளீட்' என்ற பழைய பதிப்பு. புதியதுதான் நல்லது என்று எவருக்கும் தோன்றும். ஆனால் மூல விளையாட்டுக்குப் பிறகு கூடுதலாக வந்த இரண்டு விரிவாக்கத் தொகுப்புகள் எச்டி பதிப்பில் கிடையாது. அவற்றின் மூல நிரல் தொலைந்துபோனதால் சேர்க்க முடியவில்லை. ஜிஓஜியின் பழைய பதிப்பில் இரண்டும் இருக்கின்றன. நாங்கள் விரும்பி ஆடிய வரைபடங்களில் பாதி அந்த விரிவாக்கங்களில்தான். ஒரே சர்வே எண்ணில் உட்பிரிவு மாறினால் நிலமே மாறிவிடும் அல்லவா, அதைப் போலத்தான். கடைப் பக்கத்தில் 'இதில் அடங்குபவை' என்ற பகுதியை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் இப்போது பணம் கட்டுகிறேன்.

ஜிஓஜி 2008இல் போலந்தின் சிடி ப்ராஜெக்ட் தொடங்கிய கடை. அங்கே நகல் பூட்டு, அதாவது கடையின் அனுமதி கேட்டுத்தான் விளையாட்டைத் திறக்கவிடும் ஏற்பாடு, கிடையாது. சட்டப்படி பார்த்தால் அவர்கள் தருவதும் உரிமம்தான், கிரயம் இல்லை. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் நிறுவும் கோப்பையே முழுதாக இறக்கி நம் கையில் வைத்துக்கொள்ளலாம். பத்திர மொழியில் சொன்னால், சுவாதீனம் நம்மிடம். இறக்கிய கோப்பை ஹார்ட் டிஸ்கில் போட்டு, வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பழைய மடிக்கணினி ஒன்றில் நிறுவிப் பார்த்தேன். யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடியது. அந்த ஹார்ட் டிஸ்க் இப்போது பீரோவில், வீட்டுப் பத்திரம் இருக்கும் அதே தட்டில், துணிப்பையில் இருக்கிறது. உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு அட்டையில் எழுதிப் பையில் செருகியிருக்கிறேன். அண்ணன் இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். ஒரு பிரதி கொடேன் என்று கேட்டான். கொடுக்கவில்லை. அதற்கு நமக்கு உரிமை இல்லை. அவனே ஒன்று வாங்கிக்கொண்டான்.

இதில் சிரமமும் உண்டு. நான் வாங்கியபோது விலை டாலரில்தான் காட்டியது. டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் போய் இயக்க வேண்டியிருந்தது, மாற்றுக் கட்டணம் தனி. பெரிய விளையாட்டுகள் நாலு நாலு ஜிபி துண்டுகளாக வரும், ஒன்று விடுபட்டாலும் நிறுவ முடியாது. புதிய பதிப்பு வந்தால் கோப்பை மறுபடி இறக்கிப் பழையதை மாற்ற வேண்டும். எல்லா விளையாட்டும் அங்கே கிடைப்பதும் இல்லை. இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

அதற்காக ஸ்டீமை நான் ஒதுக்கிவிடவில்லை. 2015 இறுதியிலிருந்து ரூபாயில் விலை வைக்கிறார்கள். நம் ஊர் வருமானத்துக்கு ஏற்பப் பல விளையாட்டுகள் டாலர் விலையைவிடக் குறைவாகவே கிடைக்கின்றன. ஒரு குடும்பத்தில் ஆறு பேர்வரை தங்கள் விளையாட்டுகளைப் பகிர்ந்துகொள்ளலாம். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பித் தருகிறார்கள். நம் கணினியில் ஓடுமா ஓடாதா என்று தெரியாத விளையாட்டுக்கு இது பெரிய தைரியம்.

அந்த இரண்டு மணி நேர விதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கனடாவின் டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் 'வெண்பா' என்ற விளையாட்டை வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன சமையல் குறிப்புப் புத்தகம், அதை வைத்து அந்த அம்மா சமைப்பது, இதுதான் விளையாட்டு. ஸ்டீமில் வாங்கி ஒரு சனிக்கிழமை மதியம் திறந்தேன். முதலில் வருவது இட்லி. நான் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக நேராக அடுக்கப் போனேன். பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தாள். "அப்படி வைக்காதே தம்பி. ஓட்டைக்கு மேல் குழி வர வேண்டும். இல்லையென்றால் மேல் தட்டு இட்லியை அமுக்கிவிடும்" என்றாள். மாற்றி அடுக்கினேன், சரியாக வந்தது. அதன் பிறகு அம்மா பூண்டை மறந்துவிட்டாள். கடைசிவரை பார்த்தாள். ஓரிடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

முடித்துவிட்டுப் பார்த்தால் கணக்கில் இரண்டு மணி நேரம் ஆகவில்லை. விதிப்படி நான் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், கேட்டால் கிடைத்தும் விடும். அப்படிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று குறுகிய விளையாட்டுகளைச் செய்கிறவர்கள் வருந்தி எழுதியிருக்கிறார்கள். சாப்பிட்டு இலையை மடித்த பிறகு காசைத் திருப்பிக் கேட்பது எந்த ஊர் நியாயம்? ஓடாவிட்டால் கேளுங்கள், பிடிக்காவிட்டால் கேளுங்கள். முழுதும் அனுபவித்துவிட்டுக் கேட்காதீர்கள். ஸ்டீம் பொதுவாக விற்பனையில் 30 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில்தான் அவர்கள் வாடகையும் சம்பளமும் கொடுக்க வேண்டும். எபிக் கடை 2018இல் 12 சதவீதம் போதும் என்று சொல்லித்தான் வந்தது. வாரந்தோறும் இலவசமாகவும் ஏதாவது கொடுக்கிறது. அதில் கணக்குத் தொடங்குவதில் தவறே இல்லை. ஆனால் இலவசத்தில் சேர்ந்தவற்றில் நான் உட்கார்ந்து முடித்தது இரண்டே இரண்டுதான் என்பதால் அதைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஸ்டார்டியூ வேலியை ஜிஓஜியிலேயே வாங்கினேன். தனியாக, வருடக்கணக்கில், நினைத்தபோதெல்லாம் திறந்து ஆடக்கூடியது. அப்படிப்பட்டது பீரோவில் இருக்க வேண்டும். நண்பர்களோடு சேர்ந்தே ஆடும் விளையாட்டாக இருந்தால், நண்பர்கள் எந்தக் கடையில் இருக்கிறார்களோ அங்கேயே வாங்கியிருப்பேன். கோப்பு சிறியதுதான், தேநீர் ஆறுவதற்குள் இறங்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க் அட்டையில் பெயரை அவனையே எழுதச் சொன்னேன்.

விளையாட்டு ஒரு படுக்கையறையில் தொடங்குகிறது. படுக்கையில் தாத்தா. பேரன் கையில் மூடி முத்திரையிட்ட ஓர் உறையைக் கொடுக்கிறார், இப்போது பிரிக்காதே என்கிறார். பல வருடம் கழித்து, அலுவலக மேசையில் உட்கார்ந்து வாழ்க்கை கசந்துபோன ஒரு நாளில் பேரன் அதைப் பிரிக்கிறான். கடிதத்தோடு பண்ணையின் பத்திரத்தை இணைத்திருப்பதாகத் தாத்தா எழுதியிருக்கிறார். மகன் அடுத்த பக்கத்துக்குப் போக மவுஸை அழுத்தப் போனான். கொஞ்சம் இருடா என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை எடுத்துவந்து அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன்.