ஒரு மணி நேரம் டவர்

“ஒரு மணி நேரம் போதும் சார். உயிரோடு இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளட்டும். பிறகு நீங்களே அணைத்துவிடுங்கள்.” புயல் அடித்த தீவில் தகவல்தொடர்பைச் சீராக்கப் போயிருந்த என்னிடம், செல்போன் டவரின் ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டவர் கேட்டது இவ்வளவுதான். “இன்றைக்கு வேண்டாம் அண்ணே, மருத்துவமனை லைன் படுத்துவிடும்” என்றேன்.

அந்தப் பதிலில் பொய் இல்லை. புயலுக்குப் பிறகு தீவிலிருந்து வெளியே போக இருந்த ஒரே வழி நாங்கள் பொருத்திய செயற்கைக்கோள் டிஷ். டவரும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அது உயிர்பெற்ற நிமிடம் தீவே ஒன்றாக போனை எடுக்கும். அக்கரைச் சொந்தங்களோ ஏற்கெனவே விடாமல் அழைத்துக்கொண்டிருப்பவர்கள். சிக்னல் முழுதாகக் காட்டும், அழைப்பு போகாது, இருக்கிற பேட்டரியும் தீரும். டாக்டர் அவசரமாக ஹெலிகாப்டர் கேட்க வேண்டிய நேரத்தில் லைன் அடைபட்டிருக்கும். டீசலும் மட்டாகத்தான் இருந்தது. உயிர்காக்கும் தகவல் முதலில், அடுத்து நிர்வாகம், பிறகே பொதுமக்கள் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

ஆனால் அவர் பேச்சு வசதி கேட்கவில்லையே. “இருக்கிறோம்” என்று சொல்ல ஒரு குறுந்தகவல் போதும். நெரிசல் என்றால் அது வரிசையில் காத்திருந்து பிறகு போகும். பேச்சையும் இணையத்தையும் மூடிவிட்டு அதை மட்டும் திறந்திருக்கலாம். அந்த மாற்றத்தை அக்கரைக் கட்டுப்பாட்டு மையம்தான் செய்ய வேண்டும். கேட்டிருந்தால் அன்றிரவே செய்திருப்பார்களா? அனுபவத்தில் சொல்கிறேன், மாட்டார்கள். (அப்படி முடிவுகட்டியதும் நான்தான்.)

மருத்துவமனையைச் சிற்றலை வானொலிக்கு மாற்றியிருக்கலாமே என்று ஒரு நண்பர் கேட்டார். உட்கார்ந்து பேசும்போது எளிது. பகலில் 7 மெகாஹெர்ட்ஸில் பக்கத்துத் தீவு தெளிவாகக் கேட்கும், இருட்டினால் 3.5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இறங்க வேண்டும், ஆன்டெனாக் கம்பி 20 மீட்டர் போய் 40 மீட்டராகும். அதை இழுத்துக் கட்ட அங்கே மரம் நிற்கவில்லை.

அன்றிரவு மருத்துவமனையிலிருந்து மருந்துப் பட்டியல் ஒன்றுதான் போனது. அதனால் என்ன? தீப்பிடிக்காத இரவில் தீயணைப்பு வண்டி வீண் என்று யாரும் சொல்வதில்லை. இந்த வாதம் எனக்கு மறுநாள் காலை வரை போதுமானதாக இருந்தது. காலையில், தகவல் கிடைக்காத சொந்தங்கள் சிலர் கொந்தளிப்பு அடங்காத கடலில் மீன்பிடிப் படகேறி வந்துவிட்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஜெனரேட்டர்காரர் கயிறு பிடித்துப் படகைக் கட்ட உதவினார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படகேறியது அவர்கள் முடிவு, என் பொறுப்பல்ல என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லியும் பார்த்தேன்.

2022 ஜனவரியில் எரிமலை வெடித்து டோங்காவின் ஒரே சர்வதேசக் கடலடிக் கேபிள் அறுந்தது; சீராக ஐந்து வாரம் பிடித்தது. வெளிநாடுகளில் இருந்த டோங்கா மக்கள் வீட்டுச் செய்திக்குத் தவித்ததைப் படித்தபோது, பட்டியலில் மூன்றாவதாக நாங்கள் எழுதும் “பொதுமக்கள்” தீவுக்கு வெளியேயும் இருக்கிறார்கள் என்று பட்டது. அவர்கள் தவிப்பு படகாகவும், கட்டுப்பாட்டு அறையை முற்றுகையிடும் அழைப்பாகவும் திரும்பி வந்து அதே மீட்புப் பணியின் தலையில்தான் விழுகிறது.

இப்போது திட்டம் எழுதும்போது முதல் இரவிலேயே குறுந்தகவலுக்கு அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். இளம் பொறியாளர்கள் எதிர்க்கிறார்கள். லைன் படுத்துவிடும் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி. இருந்தும் அந்த வரியை நான் அடிப்பதில்லை. களத்தில் டாக்டர் பக்கத்தில் நின்றால் நானே அதை மதிக்காமல் போகலாம்.