டிஆர்10 விழுந்த பிறகு கார் இன்சூரன்ஸ்: லண்டனில் நாங்கள் பட்டது

என் தம்பி லண்டனில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிப் பிடிபட்டான். இங்கிலாந்தில் மூச்சுச் சோதனைக்கு வரம்பு 100 மில்லிலிட்டருக்கு 35 மைக்ரோகிராம். அவனுக்கு 50-ஐத் தாண்டியிருந்தது. அபராதத்தோடு 12 மாதம் ஓட்டத் தடை. லைசென்ஸ் பதிவில் டிஆர்10, அதாவது குடித்துவிட்டு ஓட்டியதற்கான குற்றக் குறியீடும் விழுந்தது. அவனுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அப்புறம் இன்சூரன்ஸுக்காக அவனோடு அலைந்ததில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

தடை வந்ததும் பாலிசியை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் தண்டனை தெரிந்து கம்பெனியே அதை ரத்து செய்துவிட்டால், "எந்த நிறுவனமாவது உங்கள் பாலிசியை ரத்து செய்திருக்கிறதா?" என்ற கேள்விக்கும் இனி ஆமாம் போட வேண்டும். அதனால் முந்திக்கொண்டு நாங்களே போன் செய்து, விவரம் சொல்லி ரத்து செய்தோம். இன்னொரு சிக்கல்: இந்த ஊரில் இன்சூரன்ஸ் இல்லாத கார் சும்மா நின்றாலும் குற்றம். தெருவில் நின்ற காரை வீட்டு வாசலுக்குள் கொண்டுவரச் செய்து, லைசென்ஸையும் வாகனப் பதிவையும் கவனிக்கும் அரசுத் துறையான டிவிஎல்ஏவில் 'சார்ன்', அதாவது கார் சாலைக்கு வராது என்ற அறிவிப்பைப் பதிவு செய்தோம். அதற்குக் காசு இல்லை.

நீதிமன்றம் சொன்ன பயிற்சி வகுப்பை முடித்ததால் தடை கால்வாசி குறைந்து 9 மாதமானது. லைசென்ஸ் தானாகத் திரும்பி வராது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். தடை முடிவதற்கு 56 நாள் முன்னால் அதற்கான டி27 விண்ணப்பப் படிவம் தபாலில் வந்தது.

உண்மையான தலைவலி அதற்குப் பிறகுதான். விலை ஒப்பிடும் தளங்களில் டிஆர்10 குறியீட்டைப் போட்டதும் பாதி நிறுவனங்கள் காணாமல் போயின. மீதியிருந்தவை அவன் முன்பு கட்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கேட்டன.

"அக்கா, ஒண்ணும் இல்லைன்னு போட்டா என்ன?"

"போட்டா நாளைக்கு ஒரு விபத்துன்னா ஒரு பைசா வராதுடா."

பயமுறுத்துவதற்காகச் சொன்னதல்ல. வேண்டுமென்றே மறைத்தால் 2012-ஆம் ஆண்டு நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டப்படி பாலிசியையே செல்லாததாக்கி, கட்டிய பணத்தையும் அவர்களே வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் எண் கையில் இருந்தால் டிவிஎல்ஏ பதிவைப் பார்ப்பதும் அவர்களுக்குச் சுலபம்.

எத்தனை வருடம் சொல்ல வேண்டும் என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். டிஆர்10 லைசென்ஸ் பதிவில் 11 வருடம் இருக்கும். ஆனால் இவனைப் போன்றவர்கள் இன்சூரன்ஸுக்குச் சொல்ல வேண்டியது 5 வருடம்தான். அதுவும் தீர்ப்பு வந்த நாளிலிருந்து. தடை முடிந்த நாளிலிருந்து இல்லை. அந்தத் தேதியை போனில் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு புரோக்கர். பிரிட்டிஷ் இன்சூரன்ஸ் புரோக்கர்கள் சங்கத்தின் (பீபா) மூலம், தண்டனை உள்ளவர்களுக்குப் பாலிசி பிடித்துத் தருகிறவரைத் தேடினோம். பயிற்சிச் சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பழைய நோ கிளெய்ம்ஸ் போனஸ் (இழப்பீடு கேட்காமல் ஓட்டிய வருடங்களுக்கான தள்ளுபடி) பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குள் பயன்படுத்தினால்தான் செல்லுமாம். நல்லவேளை, அதற்குள் இருந்தோம். சின்ன எஞ்சின் கார், ஓட்டுவதைக் கண்காணிக்கும் கருப்புப் பெட்டி, இரண்டுக்கும் சம்மதித்ததும் விலை கொஞ்சம் இறங்கியது. அப்போதும் அதிகம்தான்.

அவன் மனைவியின் பாலிசியில் இவன் பெயரும் கூடுதல் ஓட்டுநராக இருந்தது. அங்கேயும் தண்டனையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் எவ்வளவு ஏறும் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட அன்றைக்கே அவன் பெயரை எடுத்துவிட்டாள்.